கொசு இல்லாத தீவு

"பட்ஜெட் எவ்ளோ சார்?" என்று அந்த லேப்டாப் கடைப் பெண் கேட்டதும் தயாபரன் திரும்பித் தெருவைப் பார்த்தான். தெருவில் அதற்கு விடை ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் கடைகளாகவே இருக்கிற ரிச்சி தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. தலைக்கு மேலே ஒயர் மூட்டை, காலுக்குக் கீழே சாக்கடைத் தண்ணி, நடுவில் ஜனம், ஜனத்துக்கு நடுவில் மானிட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுகிற ஒரு ஆள். யார் எதைக் கேட்டாலும் வேறெங்கேயாவது பார்ப்பது தயாபரனின் வழக்கம். பார்க்கிறவர்கள் மனுஷன் ஆழமாக யோசிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவன் யோசிப்பதெல்லாம் இல்லை. கேள்வி உள்ளே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் தொகையைச் சொன்னான். அந்தப் பெண் முகத்தில் ஏளனமும் இல்லை, உற்சாகமும் இல்லை. இந்தத் தொகையை இன்றைக்கு நிறைய பேர் சொல்லியிருப்பார்கள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெனிஃபர் என்று இருந்தது. "என்ன யூஸ் சார்? ஆபீஸ் வேலையா?" என்றாள். "கேம்" என்றான். அவள் அவனுடைய நரையை ஒரு தரம் பார்த்தாள், சட்டைப் பையில் சொருகியிருந்த மூக்குக் கண்ணாடியை ஒரு தரம் பார்த்தாள். "பையனுக்கா சார்?" என்றாள். "ம்" என்றான் தயாபரன். இந்த "ம்" இருக்கிறதே, இது ஒரு பொல்லாத எழுத்து. ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், தொந்தரவு செய்யாதே என்றும் வைத்துக்கொள்ளலாம். இந்த ஓரெழுத்தை வைத்துக்கொண்டு பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியவன் அவன். நடத்த முடியாமல் போனதும் அதனால்தான். இப்போது மனைவி சுகந்தி திருச்சியில் அவள் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாள், மகன் பரிதி அவளோடு இருக்கிறான், இவன் பெரம்பூரில் அதே பழைய ஃப்ளாட்டில் இருக்கிறான். கோர்ட், கேஸ் என்று எதுவும் கிடையாது. ஒரு பள்ளிக்கூட லீவுக்குப் போனார்கள், லீவு முடிந்தும் வரவில்லை, இவனும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. இப்படியும் ஒரு குடும்பம் பிரியும்.

லேப்டாப் எதற்கு என்றால், தீவுக்கு. அந்த விளையாட்டுக்கு இங்கிலீஷில் என்னமோ ஒரு பெயர், அவன் வாயில் நுழையாது. அப்பாவும் பிள்ளையும் தீவு என்றே வைத்துக்கொண்டார்கள். சுடுவதும் குத்துவதும் அதில் இல்லை. சுற்றிக் கடல், நடுவில் ஒரு மர வீடு, வீட்டு முன்னால் கேரட் பாத்தி, பின்னால் பூசணி, நாலைந்து கோழி. தினமும் தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும். இவன் மஞ்சள் தொப்பி போட்ட பொம்மை, பரிதி சிவப்புச் சட்டை பொம்மை. இவன் பெரம்பூரிலிருந்தும் அவன் திருச்சியிலிருந்தும் உள்ளே நுழைந்தால் இரண்டு பொம்மைகளும் ஒரே வாசலில் நிற்கும். அது போதும். பரிதிதான் போன வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்தான், "அம்மாவுக்குத் தெரிய வேணாம்ப்பா, திட்டுவாங்க" என்று. அதனால் தயாபரன் போனில் பேசும்போது தீவைப் பற்றி மூச்சே விடுவதில்லை. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்ப்பா, படிக்கிறியா, ம், வச்சிரட்டா, ம். பையனுக்கும் அந்த எழுத்து ஒட்டிக்கொண்டுவிட்டது. பேச்செல்லாம் தீவில்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு மணி நேரம். முதலில் மைக்கில் பேசினார்கள். அப்புறம் ஒருநாள் பரிதி மைக் கெட்டுப்போச்சு என்று தட்டினான், அதிலிருந்து எழுத்துதான், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அதுவும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. வாயால் வராதது தயாபரனுக்கு விரலால் வந்தது. இன்றைக்கு ஆபீஸில் தலைவலி என்றெல்லாம் தட்டினான், சுக்கு தட்டிப் போடுங்க என்று பதில் வந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கன்டெய்னருக்குக் காகிதம் தயார் பண்ணுகிற வேலை. அந்த வேலை பிடிக்கவில்லை என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, பரிதியிடம் சொன்னான். பரிதியும் மாறித்தான் போயிருந்தான். தினமும் உள்ளே வந்ததும் "saptacha" என்று கேட்டான். எந்த வயசுப் பையன் அப்பாவிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பான்? திருச்சித் தண்ணி பிள்ளையைப் பெரிய மனுஷனாக்கிவிட்டது என்று தயாபரன் நினைத்துக்கொண்டான். "achu" என்று பதில் தட்டுவான். பெரும்பாலும் ஆகியிருக்காது. நாள் முழுக்க அவனுக்கு ஏதாவது ஒன்று உறைத்தது என்றால் அது அந்த ஒரு மணி நேரம்தான். இப்போது அதற்கும் வேட்டு வந்திருக்கிறது. விளையாட்டை நடத்துகிறவர்கள் என்னமோ புதுசாக்குகிறார்களாம். அடுத்த மாசத்திலிருந்து இவனிடம் இருக்கிற லேப்டாப்பில், ஆபீஸில் கழித்துக் கட்டியதைக் கேட்டு வாங்கிவந்தது அது, தீவு திறக்கவே திறக்காது. தீவு திறக்கவில்லை என்றால் ஏழு மணி வரும், ஃபேன் சுற்றும், அவன் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். அதை நினைத்தால் பயமாக இருந்தது.  

ஜெனிஃபர் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று சாம்பல் நிறம், பார்க்க பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சாதுவாக இருந்தது. இன்னொன்று கறுப்பு, கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்கு, பின்பக்கம் காற்றுப் போக பெரிய பெரிய ஓட்டை. "இந்தக் கறுப்புல கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருக்கு சார். சுடுற கேம், கார் கேம்னா இதுதான். உங்க பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேல போகும். இந்தச் சாம்பல்ல கார்டு தனியா இல்ல, பிராசசர்லயே சேந்து வருது. சின்ன கேமுக்கு இது தாராளம். ஆனா ஒரு ரேம் போதாது சார், இன்னொன்னு சேத்துப் போட்டுக்கணும், அப்பதான் படம் வழுக்கிட்டுப் போவும். என்ன கேம் சார்?" அவன் சொன்னான், அதாவது தன் போனில் இருந்த படத்தைக் காட்டினான். அவள் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள். "அட, இந்தச் செடி வளக்குறதா. எங்க அக்கா பொண்ணு ஆடும். இதுக்குச் சாம்பல் கலரே போதும். வேணும்னா ஏத்திக் காட்டவா? ரெண்டு ரேம் போட்ட பீஸ் டெமோக்கு இருக்கு. நெட்டு கொஞ்சம் ஸ்லோ, இறங்க நேரம் ஆவும், உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினாள். அவன் உட்காரவில்லை. கண்ணாடி மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். திரையில் ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது, அதாவது நகர்கிறது என்று சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்தால் நகரவில்லை, கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் நகர்ந்திருந்தது. கீபோர்டில் விரலை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்ததா, இல்லையா, சொல்லத் தெரியவில்லை. இப்படித்தான் போன மாசம் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர், பாதத்தில் ஒரு நைலான் நூலை வைத்துக் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றான். கண்ணை மூடச் சொல்லி இன்னொரு இடத்தில் குத்தினார். தெரிந்தது. "நரம்பெல்லாம் ஜம்முனு இருக்கு, பயப்படாதீங்க" என்றார். அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. மரத்துப்போயிருக்கிறது என்று அவர் வாயால் சொல்லியிருந்தால், மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்திருந்தால், விஷயம் ஒரு இடத்துக்கு வந்திருக்கும். நூலுக்குத் தெரியாத இடத்தில் மரத்திருந்தால் எந்த டாக்டரிடம் போய்க் காலை நீட்டுவது? டாக்டர் கேட்ட மாதிரி சுகந்தியும் கேட்டிருக்கிறாள். நூலும் இல்லை, ஊசியும் இல்லை. "நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?" என்று கேட்டாள். "ம்" என்றான். "நான் என்ன சொன்னேன் சொல்லுங்க பாப்போம்." சொன்னான், வார்த்தை பிசகாமல் சொன்னான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கேட்காமல் இருந்தால்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ. எல்லாம் காதில் விழுந்து, எல்லாம் நினைவிலும் இருந்து, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தால் பெண்டாட்டி என்னதான் செய்வாள்? "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று முதல் சில வருஷம் சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் சிரிக்காமல் கேட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தது. வெளியே விளக்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்க்கடைக்காரன் வாசலில் சாம்பிராணி காட்டினான். புகை தெருவைத் தாண்டி ஏசிக்குள் வந்து மூக்கில் ஏறியது. சாம்பிராணி வாசனை வந்தால் தயாபரனுக்குக் கொசுதான் ஞாபகம் வரும், சாமி வராது. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் கதவு திறந்திருக்க வேண்டும், மகாலட்சுமி அப்போதுதான் வருவாள், பின்கதவை மட்டும் சாத்தணும், இது அவன் அம்மா கட்சி. பரிதிக்கு நாலு வயசில் டெங்கு வந்தது. எழும்பூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இவனும் சுகந்தியும் ரத்த அணு ஏறுமா இறங்குமா என்று ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வராந்தாவில் அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள், இவனும் பிடித்திருந்தான், அங்கே பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே சுகந்தி சட்டத்தை மாற்றிவிட்டாள். பொழுது சாய்ந்தால் எல்லாக் கதவையும் மூட வேண்டும். முதலில் பின்கதவு. அப்புறம் சமையலறை ஜன்னல், அதன் கொக்கி சரியாக விழாது, இரண்டு தரம் அழுத்த வேண்டும். அப்புறம் வாசலுக்கு வந்து, வெளியே யாராவது இருந்தால் உள்ளே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வந்ததும் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, டப்பென்று சாத்துவாள். "மகாலட்சுமி வர்ற நேரத்துல இப்படிச் சாத்துறியே" என்று அம்மா பொரிந்தபோது, "வரட்டும் அத்தை, ஒடம்பு பூரா வேப்பெண்ணெய் தடவிக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். அம்மாவே சிரித்துவிட்டாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. ஆபீஸிலிருந்து இவன் வரும்போது தெருமுனையிலிருந்தே தெரியும், பாதி திறந்த கதவு, அதைப் பிடித்தபடி அவள். "சீக்கிரம் உள்ள வாங்க, கொசு வந்துரும்." தினமும் இதேதான். ஒரு மனுஷனை ஒருத்தி இப்படியும் வரவேற்கலாம் என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை. கொசுவைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். பரிதி நேர் எதிர். ஃப்ரிட்ஜ் கதவு, பாத்ரூம் கதவு, பீரோ, எதையும் சாத்தினதாகச் சரித்திரமே இல்லை. "யாருடா வந்து சாத்துவா, உங்க தாத்தாவா?" என்று அவள் கத்துவாள். அதே பிள்ளை இப்போது தீவில் பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்துகிறான். தீவில் கொசு ஏது? வீட்டுக்கதவு அங்கே சும்மா அழகுக்கு. இருட்டில் வேலை ஓடாது, உள்ளே போய்ப் படுத்தால் விடிந்துவிடும், அவ்வளவுதான் ஆட்டம். ஆனாலும் சாத்தியிருக்கும். எப்படிச் சாத்துகிறான் என்று தயாபரன் பார்த்ததில்லை. வெளிச்சம் மாறுகிற அந்த இடத்தில்தான் அவனுடைய பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். ஃபேன் ஹோவென்று கத்தும், திரை அப்படியே உறைந்துபோகும், மஞ்சள் தொப்பி முற்றத்தில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும். உறைந்தது விட்டதும் பார்த்தால் இவன் வீட்டுக்குள் இருப்பான், கதவு சாத்தியிருக்கும். நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. அம்மா பிள்ளைதானே, ரத்தத்தில் இருக்கும் போல என்று நினைத்து அதோடு விட்டுவிட்டான். அந்த நினைப்பு நன்றாகக்கூட இருந்தது.

ரத்தம் என்றதும் அந்த இன்னொரு விஷயம் வந்துவிட்டது. அதை அவன் கொஞ்ச நேரமாகவே ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தான், முகச்சவரத்தில் வெட்டிக்கொண்ட இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் சோப்புப் போடுகிற மாதிரி. தீபாவளி கழிந்து ஒரு மழை நாள். பூசணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது என்ன தோன்றியதோ, "amma kitta naan pesirukanum da. pesa varala" என்று தட்டிவிட்டான். தட்டி அனுப்பிய பிறகுதான் தட்டியது தெரிந்தது. அம்மாகிட்ட நான் பேசியிருக்கணும்டா, பேச வரல. அழிக்க வழி இருக்கிறதா என்று தேடினான், இல்லை. சிவப்புச் சட்டை அசையாமல் நின்றது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தான், போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து "m" என்று ஒரே எழுத்து வந்தது. பிறகு அது போய், இவன் ஏற்கெனவே ஊற்றி முடித்திருந்த பூசணிக்கெல்லாம் மறுபடி தண்ணீர் ஊற்றியது, ஒவ்வொன்றாக, கடைசிவரை. பிள்ளையிடம் போய் இதைச் சொன்னோமே, வளர்கிற பிள்ளை என்ன நினைப்பான் என்று அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஏழு மணிக்குச் சிவப்புச் சட்டை வராமல் போய்விடுமோ என்று நடுங்கினான். வந்தது. "saptacha" என்றது. அதோடு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

"ஏறிடுச்சு சார், உங்க ஐடி போடுங்க" என்றாள் ஜெனிஃபர். கடவுச்சொல்லை அவன் தட்டும்போது நாசூக்காகத் திரும்பிக்கொண்டாள். கடல் வந்தது. தயாபரனுக்கு முதலில் இது வேறு கடலோ என்று தோன்றியது. அவன் கடல் இத்தனை நாள் தகரம் மாதிரி விறைப்பாகக் கிடந்தது, இது அசைந்தது. அலை வந்து மணலில் ஏறி, நுரை விட்டு, திரும்பிப் போயிற்று. கேரட் இலை காற்றில் ஆடுகிறது, இத்தனை மாசம் அது ஆடும் என்றே அவனுக்குத் தெரியாது. கோழிக்குக் கொண்டை இருக்கிறது. "பாருங்க சார், சும்மா வழுக்குது" என்றாள் அவள். பாத்திக்குப் பக்கத்தில் சிவப்புச் சட்டை நின்றிருந்தது. மணி ஏழைத் தாண்டியிருந்தது, அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது போல. "saptacha" என்று எழுத்து ஓடியது. "achu. pudhu laptop pakkaren, kadaila irundhu varen" என்று தட்டினான், புது லேப்டாப் பார்க்கிறேன், கடையிலிருந்துதான் வருகிறேன் என்று. "nalladha parunga" என்று வந்தது. பொழுது சாய ஆரம்பித்தது. தீவில் ஒரு பகல் என்பது டீ ஆறுகிற நேரம்தான். வானம் மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறமாகி, வீட்டுக்குள் விளக்கு தானாக எரிந்தது. இந்த இடத்தில்தான் பழைய லேப்டாப் செத்துப்போகும். இது சாகவில்லை. சிவப்புச் சட்டை வீட்டுக்குள் போயிற்று. ஜன்னல் வழியாக அது நடப்பது தெரிந்தது. நேரே பின்பக்கம் போய்ப் பின்கதவைச் சாத்தியது. அப்புறம் அடுப்பு இருக்கிற பக்கம் வந்து ஜன்னலைச் சாத்தியது. ஜன்னல் மூடிக்கொண்டுவிட்டது, ஆனாலும் அங்கேயே நின்று இன்னொரு தரம் அதைத் தட்டித் திறந்து, மறுபடி சாத்தியது. பிறகு வாசலுக்கு வந்து, பாதிக் கதவில் நின்றது. மஞ்சள் தொப்பி முற்றத்தில் இருந்தது. தயாபரன் விரல் தானாக அழுத்த, மஞ்சள் தொப்பி தடங்கலே இல்லாமல் நடந்து படியேறி உள்ளே போயிற்று. சிவப்புச் சட்டை உடனே சாத்தவில்லை. ஓரடி வெளியே வைத்து, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தது. சாத்தியது.

கண்ணாடி மேஜைமேல் இருந்த தன் கையை அவன் பார்த்தான். கை அங்கேதான் இருந்தது. மற்ற கை போனை எடுத்துப் பரிதியைக் கூப்பிட்டுவிட்டிருந்தது. பையன் எடுக்கும்வரை அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புச் சட்டை வீட்டுக்குள் ஒரு பெட்டியைத் திறந்து விதைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. போன் எடுக்கக் கையை நிறுத்தினால் பொம்மையும் நிற்க வேண்டுமே என்று ஒரு நப்பாசை. நிற்கவில்லை. "சொல்லுப்பா" என்ற பரிதியின் குரல் மூச்சிரைத்துக்கொண்டு வந்தது. பின்னால் பந்து தொம்தொம்மென்று விழுந்தது, ஒரு விசில் ஊதியது. "எங்கடா இருக்க?" "கிரவுண்ட்லப்பா. வாலிபால். அடுத்த வாரம் மேட்ச் இருக்குல்ல. ஏன்ப்பா?" "ஒண்ணுமில்ல. தீவு..." "என்னது?" "தீவுடா. அந்த கேம்." "ஓ, அதுவா" என்று பரிதி சிரித்தான். "அத விட்டு ரொம்ப நாளாச்சேப்பா. டீம்ல சேந்ததுலேர்ந்து நேரமே இல்ல. செடியெல்லாம் காஞ்சு போயிருமேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தேன். திட்டுவாங்கன்னு பாத்தா, பாஸ்வேர்டக் குடு, நான் தண்ணி ஊத்திக்கிறேன், உங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்னாங்க. சொல்லலையா?" தயாபரன் திரும்பித் தெருவைப் பார்த்தான். சாம்பிராணிப் புகை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "சொன்னா, சொன்னா. சும்மா கேட்டேன்" என்றான். "நீ இன்னுமா அத ஆடுற?" "ம்." "சரிப்பா, கூப்புடுறாங்க, வச்சிரட்டா?" "நல்லா ஆடுடா" என்றான் தயாபரன். இப்படி ஒன்றை அப்பாவிடமிருந்து பரிதி எதிர்பார்க்கவில்லை. "தேங்ஸ்ப்பா" என்று வைத்தான்.

அப்படியானால் தலைவலி என்றபோது சுக்கு தட்டிப் போடுங்கள் என்று சொன்னது அவள். வேலை பிடிக்கவில்லை என்றதைப் படித்தது அவள். மழை நாள் சொன்னதைப் படித்துவிட்டு அத்தனை நேரம் அசையாமல் நின்றது அவள். அந்த "m", பதினேழு வருஷம் இவன் அவளுக்குக் கொடுத்த அதே எழுத்து, அதை அவள் திருப்பிக் கொடுத்திருக்கிறாள், இவன் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்திருக்கிறான். மடையன். காதுமடல் சுட்டது. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுக் காலை நீட்டினால் முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஊசி ஊசியாகக் குத்தும், தொட்டால் உயிர் போகும். அந்தக் குத்தல் கழுத்திலிருந்து கைக்கு இறங்கியது. வெட்கமாக இருந்தது. பிள்ளைக்கு அப்பாவே வேண்டியிருக்கவில்லை, பந்துதான் வேண்டியிருந்தது, அதுவும் வலித்தது. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. அது வலிதானா என்று சொல்லத் தெரியவில்லை. ஏன் அவள் சொல்லவில்லை? முதல் நாள் சொல்லத்தான் வந்திருப்பாள். இவன் விரல் ஓயாமல் தட்டியதைப் பார்த்திருப்பாள். இவனா, இவ்வளவா என்று நின்றிருப்பாள். நான்தான் என்று சொன்னால் இவன் நின்றுவிடுவான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன, அவனைத் தெரியாதா. இப்போது தயாபரன் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடலாம். அதுதான் அவனுக்குக் கைவந்த கலை. சாம்பல் நிற லேப்டாப்பைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், தினமும் ஏழு மணிக்கு டா போட்டுப் பேசிக்கொண்டு, தெரியாதவன் மாதிரியே காலத்தை ஓட்டிவிடலாம். தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தால் அவள் கூசிப்போய் நாளையிலிருந்து வரவே மாட்டாள். பிறகு ஏழு மணி, ஃபேன், கட்டில். "சார், அந்தக் கறுப்பையும் ஒருவாட்டி பாக்குறீங்களா?" என்று ஜெனிஃபர் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினான். தீவில் விடிந்து, கோழி கூவி, சிவப்புச் சட்டை கதவைத் திறந்துகொண்டு பாத்திக்கு வந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருந்தது. இவன் மஞ்சள் தொப்பியை நடத்திக்கொண்டு போய்க் கடலோரமாக நிறுத்தினான். அங்கேயே நின்றான். அந்தப் பகல் முழுக்க நின்றான்.

வானம் மறுபடி செங்கல் நிறமாயிற்று. பின்கதவு. சமையல் ஜன்னல், இரண்டு தரம். வாசல். பாதிக் கதவில் அவள் நின்றாள். மஞ்சள் தொப்பி அசையவில்லை. "enna hang ayiducha" என்று வந்தது, ஹேங் ஆகிவிட்டதா என்று. தயாபரன் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, புதுசாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவன் மாதிரி, "Suganthi" என்று தட்டினான். வேறு ஒன்றும் தட்டவில்லை. கல்யாணமான புதிதில் கூப்பிட்டது. அதற்கப்புறம் இந்தா, இங்க பாரு, ம், இப்படியே போய்விட்டது. அனுப்பினான்.

சிவப்புச் சட்டை நின்றது நின்றபடி இருந்தது. இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. கடல் கறுத்தது, கேரட் பாத்தி மறைந்தது, கதவளவு வெளிச்சம் மட்டும் படியில் விழுந்து கிடந்தது. இத்தனை இருட்டியும் அந்தக் கதவு சாத்தாமல் இருப்பதை அவன் பார்த்ததே இல்லை, பெரம்பூரிலும் சரி, இங்கேயும் சரி. இப்போது போய்விடுவாள், பொம்மை பொசுக்கென்று மறைந்துவிடும் என்று ஒவ்வொரு கணமும் நினைத்தான். ஜெனிஃபர் எட்டிப் பார்த்தாள். "ஹேங் ஆயிடுச்சா சார்? இந்த பீஸ் அப்டி ஆவாதே."

"இல்லம்மா, மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றான் தயாபரன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இதையே எடுத்துக்கிறேன். கொஞ்சம் நேரம் குடுங்க. எங்க வீட்ல அவங்க யோசிச்சிட்டிருக்காங்க."

"பையன்னு சொன்னீங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் திரையில் எழுத்து ஓடியது. ஒரு வரி வந்து நின்றது, பிறகு இன்னொன்று. "ulla vanga. kosu vandhurum."

உள்ள வாங்க. கொசு வந்துரும்.

தயாபரன் விசையை அழுத்தினான். மஞ்சள் தொப்பி கடலோரத்திலிருந்து திரும்பி, பாத்தியைச் சுற்றிக்கொண்டு, எங்கேயும் நிற்காமல் நடந்து போயிற்று.